பதினேழு எலுமிச்சம்பழமும் ஒரு தீவும்

கடலோரத்தில் வீடு வைத்திருப்பவன் வாசலில் செருப்போடு செருப்பாக ஒரு படகையும் கழற்றி விட்டிருப்பான் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை. என் அக்காளைக் கட்டிய மாமாவுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் முற்றிய நிலை. பீளமேட்டில் பம்புசெட்டு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். போன மே மாதம் குடும்பத்தோடு திருவொற்றியூர் வந்து இறங்கியதும், எங்கள் மொட்டை மாடியில் ஏறி, கணக்கில் குறை தேடுகிற ஆடிட்டர் மாதிரி கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“ஏனுங் மாப்ள, இத்தாப்பெரிய தண்ணி கெடக்குது. ஒரு போட்டப் புடிச்சுப் பக்கத்துல ஏதாச்சும் தீவுக்குப் போயி, சோறு உண்டுபோட்டுப் பொழுதோட வந்தர்லாமல்லங்?”

வந்துவிடலாம் என்று நானும் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் வாக்குக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போன ஊர் இது. கடற்கரையில் பட்டினத்தார் சமாதி வேறு. கப்பல் வியாபாரம் செய்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கடைசியில் எங்கள் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கப்பல்காரரே கரையோடு நின்றுவிட்ட ஊரில் நான் படகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே கப்பல்தான். பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். சிங்கப்பூருக்கு அப்பளம், மொரீஷியஸுக்கு மசாலாப்பொடி, ஃபிஜிக்கு ஊறுகாய் என்று ஷிப்பிங் பில் போட்டு அனுப்பி வைப்பேன். அந்த அப்பளம் பார்த்த தீவுகளை நான் பார்த்ததில்லை. படகில்கூட ஏறியதில்லை. கட்டுமரத்தில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன், அது மணலில் கிடந்தது.

திட்டமிடல் முறைப்படி சோற்றிலிருந்து தொடங்கியது. இரண்டு குடும்பம், பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 17 பேர். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் என்று அரை மணி நேரத்தில் தீர்மானமாகிவிட்டது. கடலில் தலை சுற்றினால் முகர்ந்து பார்க்கத் தலைக்கு ஒன்றாகப் பதினேழு எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னாள் பெரியம்மா. வேனுக்கும் சொல்லியாயிற்று. தீவு ஒன்றுதான் பாக்கி.

சென்னையில் தீவு என்றால் எல்லோரும் தீவுத்திடலைத்தான் சொல்வார்கள். உண்மையிலேயே தீவுதான்; கூவம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்வதற்குள் விட்டுவைத்த நிலம். ஆனால் அங்கே பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் தின்று ராட்டினம் சுற்றிய எவனும் தான் ஒரு தீவில் நிற்பதாக நினைத்ததில்லை. கூவத்திலேயே படகு விட்டுப் போகலாமே என்றான் என் பையன். பதினேழு எலுமிச்சம்பழம் போதாது என்றாள் பெரியம்மா.

அடுத்தது சாந்தோம் பக்கத்துக் குயிபிள் தீவு. அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது கல்லறைத் தோட்டம். “போலாமுங், அவசரமில்ல” என்றார் மாமா.

அந்தமானுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் இருக்கிறது. போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று நாள். தயிர்சாதம் தாங்காது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் கச்சத்தீவு என்று ஆரம்பித்தார். 1974-இல் தொடங்கியவர் முடிக்கும்போது ராத்திரி மணி பத்து. அதில் எங்கள் படகுக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற தீவு. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்து கிளம்பியபோது எங்கள் மாடியில் நின்று வானத்தில் புகைக்கோடு பார்த்தோம். அந்தத் தீவிலிருந்து நிலாவுக்குப் போக வழி இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து அந்தத் தீவுக்குப் படகில் போகத்தான் வழி இல்லை.

இத்தனைக்கும் எங்கள் தாத்தா அந்த வழியாகத்தான் பட்டணம் வந்து சேர்ந்தார், விறகுப் படகில். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு பக்கிங்காம் கால்வாயில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த காலம். பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை 1806-லேயே படகு போகிற கால்வாய் இருந்தது. அதன் பிறகு நீண்டுகொண்டே போய், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஜனங்களை வைத்து நகரத்துக்கு நடுவில் விட்டுப்போன துண்டையும் வெட்டி, கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பட்டினி கிடந்தவன் வெட்டினான், பிரபு பெயரைக் கொடுத்தார். வேலைப் பங்கீடு சரிதான். விறகும் உப்பும் வந்த படகுகள் நிற்பதற்கு வெட்டிய குளம்தான் பேசின் பிரிட்ஜில் உள்ள அந்த ‘பேசின்’. கை கழுவுகிற பேசின் என்றே நான் பத்தாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். இதே கால்வாயில் தெற்கே மாமல்லபுரத்துக்குப் படகில் போன பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு பாட்டே எழுதிவிட்டார். வடக்குக் கால்வாய்க்குப் பாட்டு அமையவில்லை. விறகு மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்த எங்கள் தாத்தாவுக்குக் கையெழுத்தே சிரமம்.

மிஞ்சியது பழவேற்காடு. ஏரி, பூநாரை, 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருந்த இடம், மண்டை ஓடு செதுக்கிய அவர்கள் கல்லறை. மாமாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். சோறு கட்டிக்கொண்டு குடும்பமாக வந்தவர்கள், எங்களைப் போலவே. அதிலிருந்து சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றத் தடை. அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பெரியம்மா எழுந்துபோய் விளக்கேற்றினாள்.

மறுநாள் மாமாவைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனேன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பக்கத்துக்குப் பக்கம் இடித்துக்கொண்டு, முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலில் நிற்கிற கார்கள் மாதிரி நின்றன. “இத்தன போட்டு சும்மாத்தானுங் நிக்குது” என்றார் மாமா, எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்ற குரலில். சும்மா நிற்கவில்லை, ஒருவர் பலகைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார், ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார், நாலு பேர் வலைக்குள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாமா எஞ்சின் பக்கம் போனவர் அரை மணி நேரம் வரவில்லை. தீவை மறந்து பிஸ்டன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

ஃபைபர் படகுக்குத் தடைக்காலம் கிடையாது, எண்ணூர் முகத்துவாரத்தில் கேட்டுப் பாருங்கள் என்று அங்கேதான் யாரோ சொன்னார்கள். போனோம். படகு நிழலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

“எத்தினி பேரு?”

“பதினேழு.”

“மீனா, ஆளா?”

“ஆள்.”

“மீனுன்னா ஏத்திக்கலாம் சார். ஆளை ஏத்துனா கேஸாப் பூடும்.” துண்டை உதறினார். “அது கெடக்கட்டும். ஆத்துல தண்ணி எங்க கீது? எங்க நைனா காலத்துல இங்க கோலு முட்டாது. இப்போ பாரு.” படகிலிருந்து நீளமான கோலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி நாலு எட்டு நடந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. கோலை ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது சுதந்திர தினத்துக் கொடிக்கம்பம் மாதிரி தானாகவே நின்றது. “அல்லாம் சாம்பலு. கரண்டு தயார் பண்ண சாம்பலு.”

படகின் பக்கவாட்டில் பட்டையாகக் கறுப்புக் கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றை மூடியபோது படிந்தது. பெயின்ட் அடித்தாலும் எட்டிப் பார்க்கிறதாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காற்று வாங்கவும் படகு விடவும் வந்த ஊர் எண்ணூர் என்பதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. நம்பமாட்டார்.

“தீவுதானே வோணும்?” பெரியவர் எதிர்க்கரையைக் காட்டினார். “தோ, எதுத்தாப்ல கீதே, காட்டுப்பள்ளி. அது தீவுதான்.”

எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இந்த முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். நாலு பக்கமும் தண்ணீர். நாலாம் வகுப்புப் புத்தகத்துத் தீவு. அதன் மேல்தான் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் தொடங்கிய காமராசர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், நடுநடுவே பழைய மீனவக் குப்பங்கள். ஆபீஸ் வேலையாக வாரத்துக்கு இரண்டு தடவை என் ஸ்கூட்டரில் அங்கே போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் பாலத்தைத் தாண்டும்போது பள்ளத்தைப் பார்ப்பேனே தவிரத் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஐந்து நாளாகக் குடும்பமே தேடிய தீவுக்கு நான் பெட்ரோல் பில் வைத்துக் காசு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பினோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையின் பெயரில் உள்ள எக்ஸ்பிரஸை நான் விளக்கப் போவதில்லை. ஒரு பக்கம் கடலைத் தடுத்துப் போட்ட கருங்கல், மறு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. கத்திவாக்கம் வருவதற்குள் ஒன்பது எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. கடலில் ஆடினால் வரும் என்று பெரியம்மா பயந்தது தரையிலேயே வந்தது. பாலத்தைத் தாண்டினோம். தாண்டியும் லாரி, லாரிக்குப் பின்னால் லாரி. வேன் நின்றது நின்றபடி நின்றது.

“தீவு எப்பங் வரும்?” என்றார் மாமா.

“வந்து கால்மணி நேரமாச்சு மாமா.”

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். நிலக்கரி கொண்டுபோகிற கன்வேயர், உயர்ந்த மின்கம்பங்கள், டயர் பஞ்சர் கடை, முள்வேலி, அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணீர். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “சோத்தைப் பிரிங்க” என்றார்.

அங்கேயே பிரித்தோம். முன்னால் நின்ற லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்தார், நாமக்கல்காரர். முந்தின ராத்திரியிலிருந்து வரிசையில் நிற்கிறாராம். “வாங்கண்ணா, ஒரு வாய் உங்க” என்று மாமா கூப்பிட்ட குரலில் நானூறு கிலோமீட்டர் காணாமல் போயிற்று. இரண்டு பேரும் டயர் விலையில் ஆரம்பித்து மழை, மஞ்சள், பெண் பார்ப்பது வரை போனார்கள். கன்டெய்னர் எண்ணை நான் வெறும் பழக்கத்தில் படித்தேன். என் ஆபீஸ் சரக்கு. சிங்கப்பூர் அப்பளம். அடுத்த நாள் ராத்திரி கப்பல் ஏறிவிடும்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் அழுததால் முகத்துவாரத்தில் வேனை நிறுத்தினோம். ஆற்றில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து கையாலேயே இறால் துழாவிக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். ஒருத்தியிடம் பெரியம்மா, “என்ன கிலோ எவ்வளவும்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பதில் சொன்னால் பறி ஆற்றோடு போய்விடும். கடைசியில் பெரியம்மாவே ஒரு விலை சொல்லி, தானே பேரம் பேசி, தானே கோபித்துக்கொண்டு திரும்பினாள்.

முகத்துவாரத்துக்கு நடுவில் ஒரு மணல் திட்டு. நாற்பது எட்டு நீளம் இருந்தால் அதிகம். மேலே இரண்டு கொக்கு.

“அது இன்னாங்க?” என்று எங்கள் பாஷையை முயன்று பார்த்தார் மாமா.

“திட்டு சார்” என்றார் படகுப் பெரியவர். “மூணு மாசமாத்தான் கீது. மழை வந்தா பூடும்.”

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா கத்தக் கத்த இறங்கி, தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து திட்டில் ஏறிவிட்டார். கொக்குகள் எழுந்து போயின. மடியில் வைத்திருந்த மோர்மிளகாயை எடுத்துக் கடித்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்து உரக்கக் கேட்டார்: “ஏனுங் மாப்ள, இது எந்தக் கிராமத்துச் சர்வே நம்பருங்?”

கரையேறியபோது இரண்டு காலிலும் முழங்கால் வரை சாம்பல், பள்ளிக்கூடத்துச் சாக்ஸ் மாதிரி. அதைக் கழுவாமல் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் ‘தீவிலிருந்து’ என்று போட்டார். எந்த சிமென்ட் கம்பெனி என்று ஈரோட்டுச் சித்தப்பா கேட்டிருந்தார்.

இந்த ஏப்ரலில் மாமாவிடமிருந்து போன். மே மாதம் வருகிறார்களாம், பட்டறை ஆட்கள் நாலு பேரும் சேர்ந்து. “நம்ம தீவு இருக்குதுங்ளா, மழைல போயிருச்சுங்ளா?”

முகத்துவாரத்துக்குப் போய்ப் பெரியவரிடமே கேட்டேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கீது சார். மழைக்கும் போவல. வளந்து வளந்து கரையோட ஒட்டிக்கிச்சு. இப்போ போட்டும் வோணாம், நடக்கவும் வோணாம். ஸ்கூட்டர்லயே இட்டாந்துடு.”