எலும்பு வரைக்கும் எறங்குமாம்!

என்னலே பேராண்டி, இடுப்புல வயரும் பெல்ட்டுமா உக்காந்திருக்க? அகச்சிவப்புக் கதிரா? எலும்பு வரைக்கும் எறங்கும்னு விக்கிறவன் சொன்னானா? சொல்லுவான். ஒங் காசு அவன் கல்லாவுல எறங்கணும்லா.

கேட்டுக்கோ. சூடா இருக்க எந்தச் சாமானும் அகச்சிவப்பு விடத்தான் செய்யும். ஒங்க ஆச்சி கல்லுப்ப வறுத்து, துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுத்தாள்லா, அந்த முடிச்சும் விட்டுது. அவ உள்ளங்கையும் விட்டுது. என்ன, அவ அதுக்கு போன்ல ஆப்பு எறக்கல.

புதுக் கண்டுபிடிப்புங்கியோ? 1800-லயே இங்கிலாந்துல வில்லியம் ஹெர்ஷல்னு ஒருத்தர் வெயில முப்பட்டைக் கண்ணாடியில பிரிச்சு, நெறத்துக்கு நெறம் தெர்மாமீட்டர வச்சுப் பாத்தாரு. செவப்பத் தாண்டி, ஒண்ணுமே தெரியாத எடத்துலதான் பாதரசம் கூடுதலா ஏறுச்சு. அப்ப சுடுதது கண்ணுக்குத் தெரியாது. பெறவு ஒம் பெல்ட்டுல செவப்பா மினுக்குதே, அது யாருக்குலே? காசு குடுத்தவன் மனசுக்கு.

ஆழத்த நான் சொல்லுதேன். சூட்டுப் பெல்ட்டுல வார கதிரு தோல்ல ஒரு மில்லிமீட்டர் போகுததுக்குள்ள அடங்கிரும். செவப்பு வெளக்குல வாரது இன்னுங் கொஞ்சம் போகும். மிச்சச் சூட்ட ரத்தந்தான் சொமந்துக்கிட்டுப் போவணும். அதுக்காகச் சும்மாங்கேனா? இல்ல. சூடு பட்டா ரத்தக்கொழா விரியும், புடிச்ச சதை எளகும், வலி மட்டுப்படும். சொகமா இருந்தா வச்சுக்கோ.

ஆனா நேத்து படியில சறுக்கிக் கணுக்கால் வீங்கிக் கெடக்கானே ஒங் கூட்டாளி, அவனுக்குமா கட்டி விட்ட? என்ன புத்திலே அது! புது வீக்கத்துல சூடு வச்சா இன்னும்லா வீங்கும். ரெண்டு நாளைக்கு ஐஸைத் துணியில சுத்தி வையி. கால ஒசக்கத் தூக்கிப் போடு. ஊனவே முடியலன்னா எக்ஸ்ரே எடு. ஒடஞ்ச எலும்ப எந்தப் பெல்ட்டும் ஒட்டிக் குடுக்காது.

எதுத்த வீட்டு மாமா கேட்டாருன்னாலும் குடுத்துராத. சர்க்கரக்காரரு, காலு மரத்துப்போன மனுசன். சுட்டது தெரியாது; கொப்புளம் வந்த பெறவுதான் தெரியும். நீயும் தைலத்தத் தேச்சுட்டு அதுக்கு மேல கட்டாத, தோலு வெந்துரும். இருவது நிமிசத்துல அவுத்துரு, கட்டிக்கிட்டே தூங்காத. காஷ்மீர்ல குளிருக்கு காங்கிரின்னு ஒரு நெருப்புச்சட்டிய உடுப்புக்குள்ள வச்சுக்கிடுவாவ. வருசக்கணக்கா அந்தச் சூடு பட்டே தோல்ல புத்துநோய் வந்த ஆளுக உண்டு. கதிரு நல்லதுன்னா நாள் முழுக்க நல்லதா?

அது கெடக்கட்டும். இடுப்பு எதுக்கு வலிக்குதுன்னு ஒன் ஆப்பு சொல்லிச்சா? நடுச்சாமம் வரைக்கும் கட்டில்ல கோணிக் கெடந்து போனு பாக்கியே, அதச் சொல்லிச்சா? சொல்லாதுலே, அதுவும் போனுக்குள்ளதான இருக்கு!

எந்திரி. முக்குக் கடை வரைக்கும் நடந்துட்டு வருவோம். டீக்காசு நீதான் குடுக்க.