கொழுந்து மாடியில் அப்பா, முனியாண்டி மேட்டில் நான்

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வகுப்பு. ஆறரைக்கே போனைப் பொலித்தீன் பையில் சுற்றி, குடையும் டோர்ச்சுமாக லயத்துக்குப் பின்னால் ஏறும் படிக்கட்டில் ஏறத் தொடங்குவேன். எங்கள் தோட்டத்தில் சிக்னல் அறுந்துபோகாமல் கிடைப்பது முனியாண்டி கோயில் மேட்டில் மட்டும்தான். கோயிலின் முன்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு குண்டு பல்பு எரியும். பூசாரித் தாத்தா எட்டு மணிக்கு அணைத்துவிட்டுப் போகிறவர். நான் எதற்கு வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அணைப்பதில்லை.

"டீச்சரம்மா, நீங்க படிச்சு முடிச்சிட்டு அணைச்சிட்டுப் போங்க. சாமிக்கும் வெளிச்சம் இருந்தா நல்லதுதான்."

இறையியல் முதுகலைப் படிப்பின் முதல் வருஷத்தில் பாதியை அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். கொஸ்லந்தயிலிருந்து பார்த்தால் மேகம் மூடிய மலையில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் வெளிச்சம் அது.

அப்பா படித்ததும் ஒரு குண்டு பல்புக்குக் கீழேதான். அவர் எங்கள் சபையின் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், மற்ற நாளெல்லாம் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. 1970களின் கடைசியில் எங்கள் லயத்தில் கரண்ட் கிடையாது. குப்பி லாம்புதான். ஆனால் ஸ்டோரில் கரண்ட் உண்டு. இரவு வேலை கிடைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். கொழுந்து வாட்டும் மாடியில், வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில், மூலையில் இருந்த பல்புக்குக் கீழே பாடப்புத்தகத்தை விரிப்பார். அவருடைய புத்தகங்கள் பன்னிரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் முகர்ந்தால் பச்சைக் கொழுந்து வாசம் வருகிறது என்று என் மகள் சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவை பயிற்சிப் புத்தகங்கள். ஒரு பக்கம் பாடம், பக்கத்தில் கேள்வி, கேள்விக்குக் கீழே கோடு போட்ட வெற்றிடம். அப்பா பென்சிலால்தான் எழுதுவார். புத்தகம் ஆளுக்கொன்று கொடுக்கிற அளவுக்கு இல்லை. படித்து முடித்தவர் விடையையெல்லாம் அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை குறுக்குப் பாதையில் கொஸ்லந்த பசாருக்கு இறங்கி, பஸ் பிடித்து பெரகலை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஹப்புத்தளை போவார். அங்கே ஒரு போதகர் எல்லாருடைய விடைகளையும் பார்த்துத் திருத்தி, மூன்று மணி நேரம் பேசுவார். அதுதான் வகுப்பு.

ஆறு பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இரண்டு பேர். மற்ற நாலு பேருக்கும் "பாஸ்போட் வந்துருச்சு". 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் அப்பாவின் வகுப்பில் இருந்த நாலு பேரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, பாதி எழுதிய புத்தகத்தை அழித்துச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொல்வாள்.

அப்பா ஏன் பிலிமத்தலாவைக்குப் போகவில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பட்டிஸ்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து 1963இல் கண்டிக்கு அருகே தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறார்கள். ஹப்புத்தளையில் ரயில் ஏறினால் பேராதனை வழியாகப் போய்விடலாம். தூரம் தடையில்லை. தடையாக இருந்தது காம்பரா. லயத்துக் காம்பரா வேலைக்குக் கிடைத்தது. பெயர் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் இருக்கும்வரைதான் தலைக்கு மேல் தகரம். மூன்று நாலு வருஷம் கல்லூரியில் தங்கிப் படிக்கப் போகிறவன் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? தோட்டத்து மனிதனுக்கு இறையியல் கல்லூரியின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனால் வீட்டுக் கதவு மூடிவிடும்.

இப்போது என் படிப்பில் இறையியல் கல்வி வரலாறு என்று ஒரு பாடம் வந்தது. அதைப் படித்தபோதுதான் அப்பாவின் பென்சில் புத்தகத்துக்கும் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தது. பிலிமத்தலாவையில் கல்லூரி திறந்த அதே 1963இல், குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் சபையார் தங்கள் கல்லூரியை வேறு விதமாக நடத்திப் பார்த்தார்கள். தலைநகரத்துக்குப் படிக்கப் போன கிராமத்துப் பிள்ளைகளில் மிகச் சிலரே ஊர்ச் சபைகளுக்குத் திரும்பினார்கள். ஊரில் உண்மையாகச் சபையை நடத்திக்கொண்டிருந்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் கல்லூரிக்கு வர முடியவில்லை. ஆகவே பாடத்தைப் புத்தகமாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியர்கள் முறை வைத்து மாணவர்களைத் தேடிப் போனார்கள். அந்த முறை உலகமெல்லாம் பரவியது. 1971இல் பெங்களூரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டாயிற்று. ஹப்புத்தளைச் சனிக்கிழமை அந்த வழியில் வந்தது. பெயர்தெரியாத குவாத்தமாலா விவசாயி ஒருவனுக்கும் என் அப்பாவுக்கும் கஷ்டம் ஒன்றாக இருந்ததால் பாடமும் ஒன்றாக இருந்திருக்கிறது.

கத்தோலிக்கர்களிடத்திலும் அந்தக் காலத்தில் இந்த யோசனை எழுந்தது, அதுவும் எங்கள் ஊவா மாகாணத்திலேயே. 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிந்தபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்தப் பெரிய இடத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் சேவக செவண என்ற பயிற்சி இல்லத்தை ஏற்படுத்தி, குருவாக விரும்புகிறவர்கள் கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு இருந்து படிக்க வேண்டும் என்றார். 1982இல் காலமானார். எங்கள் சபை வேறு. ஆனாலும் அப்பா அவர் பெயரை மரியாதையாகத்தான் சொல்வார்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் கொஸ்லந்தப் பக்கத்து மீரியபெத்தத் தோட்டம்.

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் அங்கே மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு. தேடுதலை நிறுத்தியபோது பலருடைய உடல் கிடைக்கவில்லை. தப்பியவர்களைக் கொஸ்லந்தயிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்தார்கள். அப்பாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். நடக்க முடியாத காலோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், பாவம் செஞ்சதாலதான் மண்ணு மூடுச்சுன்னு ஒருத்தரு வந்து ஜெபம் பண்ணிட்டுச் சொல்லிட்டுப் போறாரு. எம் பொண்ணு என்னா பாவம் செஞ்சா டீச்சர்?"

எனக்கு வார்த்தை வரவில்லை. ஞாயிறு பாடசாலையில் இருபது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பா ஒன்றும் பேசாமல் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த சேதி அங்கே வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார், இல்லை என்று அவரே சொல்கிறார். அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் 2017இல் போய்ச் சேர்ந்தார். பெட்டியைத் திறந்து பன்னிரண்டு புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தபோது, சீலோவாம் பாடத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: கோபுரம் விழுந்ததற்குக் காரணம் என்ன? விடை எழுதிய இடம் அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் பென்சில் அழுத்திய தடம் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். அப்பாவின் கையெழுத்து: "கட்டினவனைக் கேட்க வேண்டும்."

மீரியபெத்த மண் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம் வரவில்லை. அப்பாவைப் பிலிமத்தலாவைக்குப் போகவிடாமல் தடுத்த அதே காம்பராதான் அந்தச் சனங்களை மலைக்குக் கீழே பிடித்து வைத்திருந்தது. தப்பியவர்களுக்கு 75 வீடுகள் கட்டி 2016 ஒக்டோபரில்தான் கையளித்தார்கள். அதுவரை ஏறக்குறைய இரண்டு வருஷம் பல குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தன.

ஹப்புத்தளை வகுப்பு மலைநாட்டுக்காரனுக்கு வேதம் விளங்காது என்று நினைக்காமல் அவனிடம் கேள்வி கேட்டது. அவனும் சரியான விடை எழுதினான். அந்த விடையிலிருந்து படிப்பைத் தொடர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

2022 தொடக்கத்தில் சேர்ந்தேன். வகுப்பு சூமில், ஒப்படை மின்னஞ்சலில், செமஸ்டருக்குப் பத்து நாள் வதிவிட வகுப்பு. பள்ளிக்கூட வேலையை விட வேண்டியதில்லை, வயதான அம்மாவை விட்டுப்போக வேண்டியதில்லை. சேர்ந்த கையோடு நாட்டில் நெருக்கடி. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. கோயில் பல்பும் எரியவில்லை. டீசல் இல்லாமல் பஸ் ஓடாததால் முதல் வதிவிட வகுப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு ஒப்படை நேரத்துக்குப் போய்ச் சேராததால் புள்ளி குறைத்தார்கள். மின்வெட்டு அட்டவணையை இணைத்துக் கடிதம் எழுதியும் மாற்றவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லூரி மலைக்கு வந்தது என்று சொன்னால் மலையின் மழையையும் இருட்டையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். கொரோனாக் காலத்தில் இதே பதுளை மாவட்டத்துப் போஹிதியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் பாறை ஏறிப் படித்தார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் படம் போட்டன. அப்பா வகுப்புக்கு இறங்கி நடந்தார், நான் ஏறி நடக்கிறேன். தோட்டத்துக்காரர்களின் படிப்பில் நடை மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்குப் பெரிய கஷ்டம் மொழி. அப்பாவின் புத்தகங்கள் மெலிந்தவை, ஆனால் தமிழ். எனக்கு வருகிற வாசிப்புப் பட்டியலில் பெரும்பகுதி ஆங்கிலம். யோபுவைப் பற்றி பெரு நாட்டுக் குஸ்தாவோ குத்தியேரஸ் எழுதியதை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். லீமாவின் சேரிச் சனங்களோடு இருந்தவர், குற்றமில்லாதவனின் துன்பத்தைப் பற்றிக் கடவுளிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கிறார். அந்தத் தாயின் கேள்வியும் அதுதான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தமிழில் ஒரு புத்தகம் கையில் இல்லை. டி. டி. நைல்ஸ் யாழ்ப்பாணத்துத் தமிழர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவான மாநாட்டில் பேசியவர். அவரையும் நாங்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் இறையியல் கற்பித்துவருகிறது. அங்கே அச்சான ஒரு புத்தகம் கொஸ்லந்தைக்கு வந்து சேர யாராவது ஒருவர் பயணப் பையில் எடுத்துவர வேண்டியிருக்கிறது.

பத்து நாள் வதிவிட வகுப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சூமில் நாங்கள் எல்லாரும் கறுப்புச் சதுரங்கள். கமெரா போட்டால் டேட்டா தீர்ந்துவிடும். முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி நாலு மாதம் என்னோடு படித்தாள், நான் அவளை அறியவில்லை. வதிவிட வகுப்பில் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். 2009இல் அவளுடைய அண்ணன் போனான், உடல் இல்லை. "அக்கா, உங்கட ஊரில உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு என்ன ஆராதனை செய்தனீங்கள்?" என்று கேட்டாள். மொனராகலையிலிருந்து வந்த சிங்களப் போதகர் ஒருவர் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தெற்கில் காணாமல்போன தன் மாமாவைப் பற்றி அரைகுறைத் தமிழில் சொன்னார். என் ஆய்வுக் கட்டுரைக்கான தலைப்பு அன்று அந்த அடுப்படியில் கிடைத்தது: உடல் கிடைக்காதவர்களுக்கான அடக்க ஆராதனை. இரண்டு வருஷப் படிப்பு இழுபட்டு, அந்தக் கட்டுரையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செலவு கூடிவிட்டது என்று அந்தப் பத்து நாளை மூன்று நாளாக்கப் பேச்சு நடக்கிறது. கூடாது. அப்பாவுக்கு மாதம் ஒருமுறையாவது ஹப்புத்தளை இருந்தது. அதுவும் இல்லாத படிப்பு குருத்துவத்துக்கு ஆகாது.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், பாட்டனாரின் அலுமாரியில், மூடிக்கிடக்கும் ஏதாவது சபை நூலகத்தில் தமிழில் எழுதிய இறையியல் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோட்டத்துச் சபையில் கொடுங்கள். ஓரத்தில் யாராவது பென்சிலால் எழுதியிருந்தால் அழிக்காமல் கொடுங்கள்.