பெருமிதத்தின் ஐந்தாம் நிலைக்களன்: பெக்கிள் விளையாட்டை முன்வைத்து

பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: கல்வி, தறுகண், புகழ், கொடை. ஒன்று படித்திருக்க வேண்டும், அல்லது அஞ்சாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது பேர் எடுத்திருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் கையிலிருப்பதைக் கொடுத்தாவது இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றுமே இல்லாத ஒருவர், நள்ளிரவில் கணினி முன் பனியனோடு உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்துவது எதனால்? உரையாசிரியர்கள் இதைத் தொடவில்லை. அவர்கள் காலத்தில் மின்சாரம் இல்லை என்பதைத் தக்க காரணமாகவே ஏற்கலாம்.

ஆய்வுப் பொருள், அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த பாப்கேப் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பெக்கிள்'. திரை நிறைய நீலமும் ஆரஞ்சுமாய் முளைகள், மேலே ஒரு பீரங்கி. அதைத் திருப்பிப் பந்தை விட்டால் அது முளைக்கு முளை மோதித் தெறித்துக் கீழே வரும். பட்ட முளைகள் மறையும். 25 ஆரஞ்சு முளைகளையும் பத்துப் பந்துகளுக்குள் தீர்த்துவிட்டால் வெற்றி. அடியில் ஒரு வாளி இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கும். பந்து அதில் விழுந்தால் இன்னொன்று இனாம். ஆட்டத்தைக் கற்றுத்தரும் முதல் ஆசான் பியோர்ன் என்னும் ஒற்றைக்கொம்புக் குதிரை. குருவின் தகுதி பற்றி நன்னூல் விதிக்கும் இலக்கணங்களோடு இவரைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இதன் வம்சாவளியில் ஜப்பானியரின் பச்சிங்கோ என்னும் குண்டு விளையாட்டு உண்டு. 1870களில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் செய்த முளைப் பலகையும் தூரத்து உறவு. அதில் குண்டுகளை உருட்டிவிட்டுத் தற்செயலிலும் ஓர் ஒழுங்கு உண்டென்று அவர் காட்டினார். குண்டு அடியில் போய்ச் சேர்ந்தபோது கால்டனுக்கு யாரும் மேளம் கொட்டவில்லை. பெக்கிள் கொட்டுகிறது; வேறுபாடு அவ்வளவே.

ஆட்டக்காரரின் பங்கு என்ன? முதல் மோதல்வரை திறமை. இரண்டாம் மோதலில் ஐயம். மூன்றாவதிலிருந்து ஊழ். ஆனால் கடைசி ஆரஞ்சு முளையைப் பந்து நெருங்கும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். காட்சி நெருங்கி வருகிறது, காலம் மெதுவாகிறது, முரசு அதிர்கிறது. பந்து தவறினால் கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்று 'ஐயோ' என்று உச்சுக்கொட்டும். பட்டுவிட்டாலோ வானவில், வாணவேடிக்கை, கூடவே பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலிருந்து மகிழ்ச்சிப் பாடல்! 1824இல் வியன்னாவில் அந்த சிம்பொனி அரங்கேறியபோது பேத்தோவனுக்குக் காது கேட்காது. எழுந்த கரவொலியை அவர் கேட்கவே இல்லை. பாடுபட்டவருக்குக் கேட்காமல் போனது, ஒரு பந்தை விட்டவருக்கு முழு ஒலியளவில் கிடைக்கிறது.

அந்த ஒரு பந்தையும் அவர்தாம் முழுதாக விட்டாரா என்பது அடுத்த கேள்வி. பாப்கேப் நிறுவனர்களுள் ஒருவரான ஜேசன் கபால்காவே சொல்லியிருக்கிறார்: தொடக்க நிலைகளில் ஆட்டக்காரர் சோர்ந்துபோகாதபடி, பந்து நல்ல பக்கமாகத் தெறிக்கும்படி ஆட்டமே மறைவில் கொஞ்சம் உதவும். பரீட்சை அறையில் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் மாலையும் போடுகிற வாத்தியார் இது. ஆக, பெருமிதத்தின் ஐந்தாம் நிலைக்களன் 'தெறிப்பு' என்பது எம் துணிபு.

மறுப்போர் உண்டு. வானவில்லும் கொம்புக் குதிரையும் சிறுபிள்ளைகளுக்கு, துப்பாக்கி பிடித்தாடும் முரட்டு ஆட்டக்காரர் இதைத் தொடமாட்டார் என்பது அவர்கள் கட்சி. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. வால்வ் நிறுவனம் தன் 'ஹாஃப்-லைஃப்' வகைச் சுடுகள ஆட்டங்களை 2007இல் 'ஆரஞ்சு பாக்ஸ்' என்று தொகுத்தபோது, கணினிப் பதிப்போடு பெக்கிளின் ஒரு சிறு வடிவமும் சேர்ந்து வந்தது. 2009இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போர்க்களத்துக்குள்ளும் அது புகுந்தது. தறுகண்ணால் வேண்டிய அளவு பெருமிதம் ஈட்டியவர்களே இந்த ஐந்தாவதையும் விடவில்லை என்க.

ஆட்டத்தின் நீதிமுறையிலும் ஒரு நுட்பம் உண்டு. விட்ட பந்து ஒரு முளையில்கூடப் படாமல் நேரே பள்ளத்துக்குப் போய்விட்டால், அந்த முழுத் தோல்விக்குத் தண்டனை இல்லை. ஒரு நாணயம் சுண்டப்படும், விழும் பக்கம் சரியாக இருந்தால் பந்து திரும்பக் கிடைக்கும். அரைகுறையாகத் தோற்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சட்டம் படித்தவர்கள் இதை ஆராயலாம்.

களஆய்வில் கண்டது ஒன்று எஞ்சியிருக்கிறது. கல்வியால் வந்த பெருமிதம் தேர்வில் தோற்றால் நாணமாக மாறும். தறுகண்ணுக்கும் அதே கதி. தெறிப்பால் வருவதற்கு அந்தப் பயமே இல்லை. பந்து ஆறு முளைகளில் எகிறி, எதிர்பாராமல் வாளியில் விழுந்ததும் ஆட்டக்காரர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "அங்கதான் குறி வெச்சேன்" என்கிறார். பத்தாவது பந்தும் பள்ளத்தில் போனதும் அதே குரலில், "சும்மா டைம் பாஸுக்குத்தானே" என்கிறார். சொல்லும்போதே கை மறுபடி ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறது.