தங்கூசிக் கம்பியும் வலதுகை நகமும்

வன்னியில் ஒரு பெடியன் கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு ஏ9 வீதியால் போனால், ஊர் அவனுக்கு இரண்டே உத்தியோகங்களைத்தான் வைத்திருக்கிறது. ஒன்று கலியாண வீட்டுப் பாட்டுக்கோஷ்டி, மற்றது மாதா கோயில் பாடகர்குழு. கதிரையில் தனியே இருந்து, வாயே திறக்காமல், செத்து நூறு வருடம் தாண்டிய தாரேகா என்ற ஸ்பானியர் எழுதியதை விரலால் மீட்டுவதும் ஒரு தொழில்தான் என்று அவன் விளக்கினால் ஊர் பொறுமையாகக் கேட்கும். பிறகு, "சரி தம்பி, எப்ப பாடத் தொடங்குவீர்?" என்று விசாரிக்கும்.

சிக்கல் நகத்தில் தொடங்குகிறது. கிளாசிக்கல் கிற்றாருக்குப் 'பிக்' கிடையாது. வலதுகை நகங்களை வளர்த்து, அரம் போட்டு, அவற்றால்தான் மீட்ட வேண்டும். இடதுகை நகங்களோ ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியை அழுத்த முடியாது. ஒரு கையில் நகம் வளர்த்து மறுகையில் வெட்டியிருக்கும் ஆம்பிளைப் பிள்ளையைக் கண்டு எந்த அம்மம்மாவும் சங்கீதத்தை நினைக்கமாட்டா. நேர்த்திக்கடன் ஏதோ அரைவாசியில் நிற்கிறதென்றுதான் நினைப்பா. இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, மண்வெட்டியோடு வரம்பு கட்ட இறங்கும் நாளில் மற்றவர்களுக்கு முறிவது முதுகு. இவனுக்கு முறிவது மோதிரவிரல் நகம், அதோடு மூன்று கிழமைச் சாதகம்.

அந்திரேஸ் செகோவியாவின் தொடக்கமும் பெரிதாக வேறில்லை. 1893இல் ஸ்பெயினின் லினாரெஸில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே கிற்றார் என்றால் தவறணை வாத்தியம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தனக்குத் தானே வாத்தியாராகவும் மாணவனாகவும் இருந்து பழகினார். மாட்ரிட்டில் கச்சேரி வைக்கப் போனபோது கையில் நல்ல வாத்தியம் இல்லை. மனுவல் ராமிரெஸ் என்ற கிற்றார் ஆசாரியிடம் போய், பியானோவை வாடகைக்கு விடுகிறார்களே, ஒரு கிற்றாரை எனக்கு விட முடியாதா என்று கேட்டார். வாசிப்பைக் கேட்ட ராமிரெஸ் அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். 1912இல் செய்த அந்தக் கிற்றார் இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதிரையும் தகரக் கொட்டகையும் வாடகைக்கு விடும் நம்மூர்க் கடைக்காரர்கள் இந்தக் கதையை வாசிக்காமலிருப்பது தொழிலுக்கு நல்லது.

தமிழில் கிளாசிக்கல் கிற்றார் படித்தவருக்கு உதாரணம் தேடினால் பண்ணைப்புரத்து இராசையாதான் வருவார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊரூராக வாசித்துவிட்டு, 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிற்றார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கிய கை அது. அந்தக் கை கச்சேரி மேடைக்குப் போகவில்லை. சலில் சௌத்ரியின் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசித்தது, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகக் காலம் தள்ளியது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது இராசையா இளையராஜா ஆகியிருந்தார். அதன் பாட்டுப் பதிவு தொடங்கும் நேரம் பார்த்து மின்சாரம் நின்றுபோக, பக்கத்தில் நின்ற ஒருவர் நல்ல சகுனம் என்று நக்கலடித்தாராம்.

மின்சாரம் போவது நல்ல சகுனமென்றால், வன்னிக்கு ஏறத்தாழ இருபது வருடம் நல்ல சகுனம்தான். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றறியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். கசற் என்றால் இன்னும் விசேஷம்: சுற்றுபவன் களைக்கக் களைக்க ஜானகியின் குரல் மெல்ல மெல்ல டி.எம்.எஸ். குரலாக இறங்கும். சுருதி என்றால் என்னவென்று இங்கே பலர் படித்தது காதால் அல்ல, தோள்மூட்டால்.

அப்படிச் சுற்றிக் கேட்டவர்கள்தான் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். தாரேகாவை முடித்துவிட்டுத் தலைநிமிரும் பெடியனிடம் அவர்கள் கேட்பது 'இளைய நிலா'. 1982இல் வந்த அந்தப் பாட்டில் கிற்றாரை மீட்டியது இளையராஜா அல்ல, ஆர். சந்திரசேகர் என்று அவன் திருத்தப் போனால் அடுத்த கலியாணத்துக்கு அழைப்பு வராது.

செகோவியா ஒலிவாங்கியே வேண்டாமென்று பெரிய பெரிய மண்டபங்களில் வாசித்தவர். மெச்சத்தக்க கொள்கைதான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நடக்கையில் அந்தப் பக்கம் வந்து அதைக் கடைப்பிடித்தால், வாசிப்பவருக்கே கேட்காது.

ஓர் இடத்தில் மட்டும் முல்லைத்தீவுக்காரனுக்கு மாட்ரிட்காரனைவிட வசதி. முன்பெல்லாம் கிற்றார்க் கம்பி ஆட்டுக்குடலில் முறுக்கியது. இரண்டாம் உலகப் போரில் குடல்நூல் காயம் தைக்கப் போய்விட, 1940களில் நியூயோர்க்கின் அல்பர்ட் ஒகஸ்ரின் என்ற கிற்றார் ஆசாரி நைலோனில் கம்பி செய்தார். செகோவியாவும் அதற்கு மாறினார். அந்த நைலோன் இழை நம் கரையோரத்தில் யாரும் வியந்து பார்க்கும் சாமான் இல்லை, தங்கூசிதான். ஆகவே கச்சேரிக்கு முதல்நாள் இரவு முதலாம் கம்பி அறுந்தால், பெடியன் விளக்கோடு தகப்பனின் தூண்டில் பெட்டியைக் கிளறலாம். மெல்லிய மூன்று கம்பிகளுக்கு அதில் ஏதாவது அகப்படும். தடித்த மூன்றுக்கும் நைலோனின் மேல் உலோகம் சுற்றியிருக்க வேண்டும். அதற்குக் கொழும்பு பஸ்தான். பஸ் வருவதற்குள் அவன் பெட்டியை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட வேண்டும், தகப்பன் விடியமுன் கடலுக்குப் போகிறவர்.