தலைவர் பட்டம், தன்னார்வலர் சம்பளம்

ஆஷா சுகாதாரப் பணியாளருக்குப் பதவி உயர்வே இல்லை என்று யார் சொன்னது? 2005-ல் தன்னார்வலர். கொரோனா வந்ததும் முன்களப் பணியாளர். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்ததும் உலக சுகாதாரத் தலைவர். இந்த வேகத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகூட ஏறியதில்லை. கொரோனாக் காலத்தில் நாமும் அவருக்காகத் தட்டைத் தட்டினோம். அவர் தட்டில்தான் எதுவும் விழவில்லை.

சம்பளம் கேட்கலாமா? கூடாது. தன்னார்வலருக்கு ஏது சம்பளம்? ஊக்கத்தொகைதான்.

அந்த ஊக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்ததும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் அவர் போயாக வேண்டும். எடை பார்க்க வேண்டும். அக்குளில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். தொப்புள் புண்ணாகியிருக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு நடைக்கும் சேர்த்து மத்திய அரசு வைத்த விலை 250 ரூபாய். ஒரு நடைக்கு 42 ரூபாய்கூட முழுசாகத் தேறாது. அதுவும் சும்மா வராது. எடை பதிந்திருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை இனிமேல்தான்: 42-ஆம் நாள் வரை தாயும் சேயும் உயிரோடு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளி செத்தால் டாக்டருக்கு அந்த மாதச் சம்பளத்தை நிறுத்துகிறார்களா என்ன?

சரி, அனுபவம் சேர்ந்த பிறகாவது? அதற்கும் ஏணி உண்டு. சக ஆஷாக்களை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு. ஒரு மேற்பார்வை நடைக்கு 250 ரூபாயாக இருந்ததை 300 ஆக்கினார்கள். மேலே ஏறியும் கூலி நடைக்கணக்குத்தான்.

இவர்களைத் தொழிலாளராக அங்கீகரித்துக் குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஆண்டு 2013. பரிந்துரை பத்திரமாக இருக்கிறது, தூசிகூடக் கலையாமல்.

மத்திய அரசு மட்டுமா? 2025 பிப்ரவரியில் கேரளத் தலைமைச் செயலகத்தின் வாசலில் ஆஷாக்கள் உட்கார்ந்தார்கள். வெயில், மழை எல்லாம் பார்த்தார்கள். ஐம்பதாவது நாள் தலைமுடியை வெட்டி எறிந்தார்கள். மொத்தம் 266 நாள். மாநில அரசு தந்த மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொன்னார்கள். ஆயிரம் ரூபாய் கூட்டினார்கள்.

ஆண்டுகொண்டிருந்தது செங்கொடிக் கட்சி.