எக்ஸ்கியூஸ் மீ, ஏசி ஒழுகுகிறது

என் மச்சினன் நேற்று மறுபடியும் அந்தப் பி.டி.எஃப்.பை அனுப்பிவிட்டான். 'வெளிநாட்டு ஹோட்டலில் தங்குவோருக்கு அத்தியாவசியமான ஆங்கில வாக்கியங்கள்.' குடும்பக் குழுவில் அதற்கு ஏழெட்டுப் பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அவர்களில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால் பொங்கலுக்கு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். அனுப்பியவனே திருப்பதி தேவஸ்தான விடுதியைத் தாண்டி எங்கேயும் ரூம் சாவி வாங்கியவனில்லை.

அவனை மட்டும் சொல்வானேன்? நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். படிக்காமல் அனுப்பினால் யாருக்கும் சேதமில்லை. நான் படித்துத் தொலைத்தேன். சிங்கப்பூரில் ஓர் உறவுக்காரக் கல்யாணம், தங்குவதற்கு ஹோட்டல் போட்டிருந்தார்கள். உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ் ஏறியதிலிருந்தே வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஏதோ ஸ்லோகம் என்று எண்ணி மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். 1760-ல் பக்கத்து வந்தவாசியில் அயர் கூட் தோற்று லாலி ஜெயித்திருந்தால், மச்சினன் பிரெஞ்சில் ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருப்பான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த பி.டி.எஃப்.பின் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அதில் நாம் பேச வேண்டியதெல்லாம் இருக்கிறது. எதிராளி பேசப்போவது எதுவும் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகப் போய் இறங்கி, கவுண்டரில் நின்று, கடல் தெரிகிற அறை கிடைக்குமா என்பதைப் பிசகில்லாமல் ஒப்பித்தேன். "செக்-இன் மூணு மணிக்கு சார்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. காஞ்சிபுரத்து லாட்ஜில் நடுராத்திரி கதவைத் தட்டினாலும் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சாவியை எடுத்து நீட்டுவார். இங்கே மூன்று மணிவரை நானும் மனைவியும் பட்டுப்புடவைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தோம்.

வாடகைக்குப் பக்கத்தில் போடும் இரண்டு கூட்டல் குறிகளைப் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது. 'பிளஸ் பிளஸ்' என்பார்கள். முதல் பிளஸ் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது பிளஸ் அதற்கும் சேர்த்து 9 சதவீத ஜி.எஸ்.டி. நூறு வெள்ளி ரூம் 119 வெள்ளி 90 காசுக்கு வந்து நிற்கும்.

அன்று ராத்திரி ஏசி ஒழுக ஆரம்பித்தது.

நம் ஊராக இருந்தால் "என்னய்யா இது, ரூமா ஏரிக்கரையா?" என்ற ஒரு வரியில் காரியம் முடிந்துவிடும். புகார், கோபம், கிண்டல், வாடகையில் கழிவு கேட்கப்போகிறோம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் அடக்கம். பி.டி.எஃப்.பில் 'புகார் கூறுதல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன்படி முதலில் 'எக்ஸ்கியூஸ் மீ'. ஒழுகுவது அவர்கள் ஏசி, மன்னிப்பு கேட்பது நான். அடுத்தது 'சாரி டு டிஸ்டர்ப் யூ'. தலையணை நனைந்து உட்கார்ந்திருப்பவன் நான், தொந்தரவு அவருக்காம். பிறகு 'இஃப் யூ டோன்ட் மைண்ட்'. அவர் மைண்ட் பண்ணினால் ஒழுகட்டும் என்று விட்டுவிட வேண்டுமா? அதற்குமேல் 'வுட் இட் பி பாசிபிள்'. ஏசியை ஒழுகாமல் செய்வது மனித முயற்சிக்கு உட்பட்டதா என்று தத்துவ விசாரம். நடுவில் எங்கோ ஏசி என்ற சொல் வந்துபோகிறது. கடைசியில் 'தேங்க் யூ'. போனில் இத்தனையையும் கேட்டு முடித்தவர், நான் ஹோட்டலைப் பாராட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "யூ ஆர் வெல்கம் சார்" என்று வைத்துவிட்டார். மறுபடி போன், மறுபடி எக்ஸ்கியூஸ் மீ, மறுபடி சாரி. ஒரு பையன் பக்கெட்டோடு வந்து ஏசிக்கு நேர்கீழே வைத்துவிட்டு "சாரி சார்" என்றான். பி.டி.எஃப்.பில் அதற்கு மட்டும் பதில் இருந்தது. "இட்ஸ் ஓகே" என்றேன். எது ஓகே? விடியவிடியச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பக்கெட் நிறைந்தால் யாரிடம் எந்த மன்னிப்பைக் கேட்பது என்று நான் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். மனைவி "தமிழ்லயே திட்டுங்களேன், குரல்லயே புரிஞ்சுக்குவான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் முப்பது நாள் புத்தகங்களும் நமக்குக் கெஞ்சுவதற்கு மட்டுமே ஆங்கிலம் கற்றுக்கொடுத்திருக்கின்றன. இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. தமிழில் மளிகைக்கடை ரசீதைக்கூட மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவன், ஆங்கிலத்தில் பில் வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன், அறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு தண்ணீர் பாட்டிலுக்குப் போட்டிருந்த தொகையைப் பார்த்துவிட்டு "தேங்க் யூ ஸோ மச்" என்றேன்.

பில் கொடுத்த பெண்ணின் சட்டையில் தமிழ்ப் பெயர் குத்தியிருந்தது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். அவளும் ஆங்கிலத்தில் பேசினாள், நானும் ஆங்கிலத்தில் திணறினேன். தமிழில் ஆரம்பித்திருந்தாலும் "நீ எந்த ஊரும்மா?" என்றுதான் தொடங்கியிருப்பேன், அப்புறம் எங்கே சண்டை போடுவது?

மச்சினனுக்கு இன்னும் பதில் போடவில்லை. நானும் கைகூப்பிவிட வேண்டியதுதான்.

நீங்கள் சிங்கப்பூர் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.