கட்டிங்கும் தையலும் சம்பந்தி முறை: ஒரு பனியன் கம்பெனியின் துறையுறவுகள் பற்றிய ஆய்வு

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அதன் மீட்டிங் ஹால் சுவரில் ஆளுயரப் பழுப்புத்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. தாள் முழுக்க மஞ்சள் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு துறை, துறைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள். ஆர்டர் ஏன் தேதிக்குப் போவதில்லை என்று கண்டுபிடிக்க வந்த ஆலோசகர்கள் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள், யாரிடம் எதை வாங்குகிறார்கள் என்று வரைந்துவிட்டால் இழுபறி எங்கே என்பது தானே புலப்படும் என்பது அவர்கள் சித்தாந்தம். படம் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. இழுபறியை மட்டும் அதில் காணோம். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முன்னோர் மொழிந்ததை முதலில் சொல்வது ஆய்வு மரபு. 1855-இல் நியூயார்க் – ஈரி ரயில்வேயில் கண்காணிப்பாளராக இருந்த டேனியல் மெக்கல்லம், தன் ரயில்வேயின் ஆட்களையெல்லாம் ஒரு மரமாக வரையச் செய்தார். வேரில் இயக்குநர்கள், கிளைகளில் ஊழியர்கள். இன்று அலுவலகம்தோறும் வரவேற்பறையில் தொங்கும் படத்துக்கு அதுவே பாட்டன். யார் யாருக்குக் கீழ் என்று அதில் தெரியும். வேலை எந்த வழியாகப் போகிறது என்று தெரியாது. 1990-இல் ஜியரி ரம்லர், ஆலன் பிரேச் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு புத்தகம் போட்டு, வேலை சிக்குவதெல்லாம் கட்டங்களுக்கு இடையே விட்ட வெள்ளை இடத்தில்தான் என்றார்கள். துறைகளுக்கிடையே அம்பு வரையும் பழக்கம் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்குண்டு. ஜப்பானில் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் இஷிகாவா இதற்கு வெகுமுன்பே, உனக்கு அடுத்தபடியில் வேலை செய்பவரை வாடிக்கையாளராக நினை என்று சொல்லிவைத்திருந்தார். தையல் லைனில் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, “அப்ப செக்கிங் அக்காவுக்குக் காப்பி வாங்கித் தரோணுங்களா?” என்று கேட்டார்கள்.

மெக்கல்லத்துக்குப் பின்வந்த இந்த மேதைகளுக்குப் பொதுவாக ஒரு குறை. உறவு என்றால் கொடுக்கல் வாங்கல் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். நூலகத்தில் அடுத்த அலமாரிக்குப் போயிருந்தால் தெளிந்திருப்பார்கள். அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட பெருநூலில் தமிழரின் உறவுமுறையை வட அமெரிக்கப் பழங்குடிகளின் முறையோடு அருகருகே வைத்து ஒப்பிட்டு வியந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரரான லூயி துய்மோன் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957-இல் நூல் எழுதினார். தாமஸ் டிரவுட்மன் 1981-இல் ‘திராவிட உறவுமுறை’ என்றே தலைப்பு வைத்து ஒரு நூல் எழுதினார். இவர்கள் இத்தனை பாடுபட்டு எழுதியதன் சாரத்தை நம்மூரில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும் எந்தப் பெரியம்மாவும் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்: ஜனங்கள் இரண்டு வகை. ஒரு சாரார் பங்காளிகள். ஒரே சொத்தில் பாத்தியதை உள்ளவர்கள், தங்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். மறு சாரார் மாமன் மச்சான்; சொத்தில் பங்கு கிடையாது, கொடுத்து வாங்குவதுதான் அவர்களோடு உறவே.

இனி ஆய்வுக்களம்.

கட்டிங்குக்கும் தையலுக்கும் உள்ளது சுத்தமான சம்பந்தி உறவு. கட்டிங் பெண் வீடு. வெட்டிய துணியை அடுக்கி, எண்ணி, சீட்டுப் போட்டு, கட்டாகக் கட்டி அனுப்பும். எத்தனை அனுப்பினாலும் பிள்ளை வீட்டில் ஒரு குறை இருந்தே தீரும். களத்தில் கேட்ட உரையாடல்:

“ஏனுங் மாஸ்டர், மீடியத்துல கை பத்துப் பீஸ் கொறையுதுங்.”

“எண்ணித்தானுங் கட்டுனேன். உங்க டேபிளுக்கடியில ஒருக்காப் பாருங்.”

“பாத்தாச்சுங்.”

“அப்ப மறுக்காப் பாருங்.”

இரு தரப்பிலும் மரியாதை ஒரு இம்மி குறையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சம்பந்திச் சண்டையின் இலக்கணம் இது: ‘ங்’ போடாமல் வாக்கியம் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. இந்தச் சண்டை கம்பெனிக்கு நல்லது. கொடுத்தவன் எண்ணுகிறான், வாங்கியவன் எண்ணுகிறான், நடுவில் ஒரு சலான் இருக்கிறது. பத்துப் பீஸ் எங்கே போயிற்று என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

செக்கிங், தையலுக்கு நாத்தனார். சமைக்காது, உப்பு குறைவு என்று மட்டும் சொல்லும். சொல்லிவிட்டுப் பீஸில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ‘ஆல்டர்’ என்று திருப்பி அனுப்பும். மெர்ச்சண்டைசர் கல்யாணத் தரகர். பையரிடம், எங்கள் கம்பெனியில் எல்லாம் ரெடி என்பார். கம்பெனியில், பையர் தங்கமான மனிதர், கடைசி நேரத்தில் எதையும் மாற்றமாட்டார் என்பார். இரண்டும் பொய் என்று இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்தும் தரகர் இல்லாமல் காரியம் நடக்காது. அக்கவுண்ட்ஸ் பீரோ சாவி வைத்திருக்கும் பெரியப்பா. அவரைப் பற்றி எழுதுவதில் ஆய்வறத்தைக் காட்டிலும் ஆய்வாளரின் நலன் சம்பந்தப்பட்டிருப்பதால் இத்தோடு விடுவோம்.

இவ்வளவும் பழுப்புத்தாளில் இருக்கிறது. துறைக்குத் துறை அம்பு போகிறது. அப்படியானால் தேதி ஏன் தவறுகிறது?

விடை, சாம்பிள் ரூமில் கிடைத்தது. சாம்பிள் பிரிவுக்கும் புரொடக்‌ஷன் லைனுக்கும் நடுவே ஆலோசகர்கள் ஒரு அம்பும் வரையவில்லை. வரைய முடியாது, ஒன்றுக்கொன்று எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே பிளாட்லாக் மிஷினை நம்பி இருக்கின்றன, ஒரே நல்ல டைலரை நம்பி இருக்கின்றன. ஒரே சொத்தில் பாத்தியதை; ஆக, பங்காளிகள். காலை பதினோரு மணிக்கு சாம்பிள் பிரிவுப் பெண் லைன் சூப்பர்வைசரிடம் வருகிறாள்.

“அண்ணா, பிளாட்லாக் அக்காவ ரெண்டு மணி நேரம் அனுப்புங்ணா. ஒரே ஒரு சாம்பிள்தான்.”

“போன வாரமும் ரெண்டு மணி நேரம்னுதான் கூட்டிட்டுப் போன கண்ணு. பெல் அடிக்கறப்பத்தான் திரும்பி வந்தாங்க.”

அக்கா போகிறார். அவர் தைத்துக்கொடுத்த இடத்தில் துணி குவிகிறது. அடுத்த டேபிள் சும்மா நிற்கிறது, அதற்கடுத்தது நிற்கிறது, அயர்னிங்கில் ஆட்கள் போனை எடுக்கிறார்கள். சாயங்காலம் கணக்கில், ‘தையலிலிருந்து செக்கிங்குக்கு வரவேண்டியது வரவில்லை’ என்று எழுதப்படுகிறது. ஆலோசகர் தையலுக்கும் செக்கிங்குக்கும் நடுவே இருந்த அம்பைச் சிவப்பாக்குகிறார். குற்றம் பங்காளி வீட்டில்; பழி சம்பந்தி தலையில்.

இரண்டு மெர்ச்சண்டைசர்கள் கதையும் இதுதான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே டிபன் கேரியர் சாம்பார். ஒருவர் ஜெர்மனி பையருக்கு, ஒருவர் அமெரிக்கா பையருக்கு. இருவர் போட்ட காலண்டரிலும் அதே வாரம் அதே பேக்கிங் டேபிள் எழுதப்பட்டிருக்கிறது. இருவரும் ஒரு காகிதம்கூடப் பரிமாறிக்கொள்வதில்லை என்பதால் படத்தில் அவர்களுக்குள் உறவே இல்லை. கடைசியில் ஒருவர் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறும். மற்றவர் சரக்கு கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் போகும். விமானக் கூலி கம்பெனி தலையில்.

இது ஒரு கம்பெனிக் காம்பவுண்டுக்குள் அடங்கும் சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். சாயப்பட்டறைகளுக்கும் நொய்யல் பாசன விவசாயிகளுக்கும் நடுவே ஒரு பைசா கொடுக்கல் வாங்கல் கிடையாது. எந்த ஆலோசகர் படத்திலும் அங்கே அம்பு வந்திருக்காது. ஆறு மட்டும் பொது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பையர், நூல்காரர், நிட்டிங்காரர் என்று கொடுத்து வாங்கும் உறவுகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தும் ஊரே தடுமாறியது, கணக்கில் வராத பங்காளிகளால்.

தீர்வும் நம்மிடமே இருக்கிறது. கூட்டுக் கிணறு வைத்திருக்கும் பங்காளிகள் ஒருவரையொருவர் ‘வாடிக்கையாளராக’ நினைத்துப் பார்த்ததில்லை. நல்லெண்ணக் கூட்டம் போட்டதில்லை. திங்கள் செவ்வாய் இன்னாருக்கு, புதன் வியாழன் இன்னாருக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். தன் முறைக்கு மோட்டார் போடாதவன் அடுத்த முறை வரை காத்திருக்கவேண்டும். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள்கூட முறை தவறியதில்லை. தவறினால் வெட்டுக்குத்து என்பது இரு தரப்புக்கும் தெரியும். சாம்பிள் ரூமுக்கு அந்த அக்காவைக் காலை ஷிஃப்டின் முதல் இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துவிட்டால், லைன் சூப்பர்வைசர் அதற்குத் தக்கபடி டேபிளை மாற்றிக்கொள்வார். இதற்கு ஆலோசகரும் வேண்டாம், மஞ்சள் சீட்டும் வேண்டாம். ஆனால் இதை முதலாளியிடம் சொன்னால், “இதுக்கா ஆய்வு?” என்று கேட்பார் என்பதால்தான் மார்கனையும் துய்மோனையும் துணைக்கு அழைக்கவேண்டியதாயிற்று.

மேலாய்வுக்குரிய களங்கள் ஏராளம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரூமுக்கு எத்தனை வார்டுகள் பங்காளி என்று யாராவது எண்ணவேண்டும். கல்லூரிகளில் ஒரே செமினார் ஹாலுக்காக முகம் பார்க்காமல் போய்விட்ட துறைத்தலைவர்கள் தனி நூலுக்கே தாங்குவார்கள். இப்போதே சுவரில் தாள் ஒட்டி அம்பு வரைந்துகொண்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அம்பு போடாமல் விட்ட ஜோடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘உங்கள் இருவருக்கும் பொதுவாக எந்த மிஷின், எந்த ஆள், எந்த ரூம்?’ என்று கேளுங்கள். பதில் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் கிழமையை எழுதுங்கள்.